பாலத்து வளைவில் உப்பு

குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிளை வெந்நீரில் கழுவக் கூடாது, மேடம். கீழே ஸ்டேஷன் முற்றத்தில் உங்கள் போலீஸ்காரர் ஒருவர் அப்படித்தான் கழுவிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வழியே பார்த்தேன். சூடு பட்டால் சாலை உப்பு இரும்பை இன்னும் வேகமாகத் தின்னும். பச்சைத் தண்ணீர்தான் சரி. பிறகு நன்றாகத் துடைத்து, காயவைத்து, ஒவ்வொரு ஆணியிலும் கிரீஸ் தடவ வேண்டும். முடிந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வைசோச்சினா மலைப்பக்கத்தில் நவம்பர் வந்தால் எல்லோரும் மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் பூட்டிவிடுவார்கள். என் ஜாவாவை நான் பூட்டியதில்லை. விடிவதற்குள் ஊரிலிருந்து மலையிறங்கி அடிவாரத்து டிப்போவுக்கு அதில்தான் போவேன். அங்கே லாரியை எடுப்பேன். முன்னால் பனி தள்ளும் தகடு, பின்னால் உப்பு தூவும் பெட்டி. ஐஸ் கரைவதற்காக இந்த வட்டாரத்துச் சாலைகளுக்கெல்லாம் உப்பு போடுவது என் வேலை. என் வண்டியை அரிப்பதும் அதே உப்புதான். இந்தச் சங்கடத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

கழுவித் தேய்த்துப் பார்த்தேன். சைலன்சரில் முதல் துருப்புள்ளி தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் முதல், எங்கள் மலைச்சாலைக்கு வந்ததும் உப்புப் பெட்டியை மூடிவிட்டேன். பனியை மட்டும் தள்ளினேன். பார்க்கச் சாலை கறுப்பாக, சுத்தமாக இருக்கும். மேலே கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் காலை ஊன்றி ஊன்றி இறங்குவேன். தெரிந்தவனுக்கு அங்கே ஆபத்தே இல்லை.

ஜனவரியில் ரொட்டி வேன் அந்த மலைச்சாலையின் பாலத்து வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டி வந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இவ்வளவு கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது என்று மதுக்கடையில் எல்லோருக்கும் விளக்கினேன். அது பாதி உண்மைதான். அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு ஒரு பை ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லூட்விக் என் பக்கத்து வீட்டுக்காரன். மரம் அறுக்கும் மில்லில் வேலை. என்னைத் தவிர ஊரில் குளிரிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் அவன் ஒருவன்தான். ஓட்டா, ஓட்டா என்று என்னை வாய் நிறையக் கூப்பிடுவான், அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனுடையதும் ஜாவாதான், ஆனால் கழுவ மாட்டான். மில்லுக்குப் போகும் பெரிய சாலையில் நான் உப்பைக் குறைத்ததும் இல்லை.

"என்னடா ஓட்டா, என் வண்டி சொறிநாய் மாதிரி இருக்கு, உன்னுது மட்டும் கல்யாணப் பொண்ணாட்டம் மினுக்குது? அப்படி என்னத்தடா பூசுற?" என்று கேட்பான்.

"கிரீஸ்தான். உனக்கு உடம்பு வளையாது."

"அட போடா. அதையே கட்டிக்கிட்டுத் தூங்கு," என்று சிரித்துவிட்டு எனக்கும் சேர்த்து பீர் சொல்வான்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாள் காலையில் பனியைத் தள்ளிக்கொண்டு லாரியில் ஊருக்குள் ஏறினேன். லூட்விக் வாசலில் வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"பாலத்துப் பக்கம் எப்படிடா? உப்பு போட்டியா?"

"போட்டாச்சு. தைரியமாப் போ."

"நீ சொன்னா சரி," என்று கிளம்பிவிட்டான்.

போடவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். என் சைலன்சரைக் காப்பாற்ற என்றா சொல்வது? இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஊர்க்கோடியில் லாரியைத் திருப்பிக்கொண்டு இறங்கியபோது வளைவில் கிடந்தான். உயிர் இருந்தது.

"ஓட்டா, காலு ரெண்டும் இருக்கான்னே தெரியலடா. ஆம்புலன்ஸக் கூப்பிடு."

"கூப்பிட்டாச்சு. அசையாம இரு."

கூப்பிடவில்லை. வருகிறவர்கள் முதலில் சாலையைத்தான் பார்ப்பார்கள். லாரியில் ஏறி, பெட்டியைத் திறந்து, வளைவு முழுக்க உப்பைத் தூவினேன். அவனை விட்டுவிட்டுத் தூவ அங்கே இடமில்லை. ஐஸ் கரைய நேரமாகும், காத்திருந்தேன். சாலை ஈரமாக மின்னத் தொடங்கிய பிறகுதான் போன் செய்தேன். அவர்கள் வந்தபோது அவனுக்கு மூச்சு இல்லை.

நீங்கள் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இப்போது வருகிறேன். லூட்விக்கின் கோட்டில் உப்பு, கையுறையில் உப்பு, கண் இமையில்கூட உப்பு. பக்கத்திலேயே கிடந்த வண்டியில் மட்டும் ஏன் ஒரு குருணைகூட இல்லை என்கிறீர்கள்.

காத்திருந்த நேரத்தில் சும்மா நிற்க எனக்கு மனம் வரவில்லை, மேடம். லாரியில் தண்ணீர் இருந்தது, துணியும் இருந்தது. அவனுடைய வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தான். அவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.