வலி கெடையாது டாக்டரம்மா

வலியா? சேச்சே, வலியெல்லாம் சுத்தமாக் கெடையாது டாக்டரம்மா. போன மாசம் ஷூவுக்குள்ள ஒரு கல்லு கெடந்திருக்கு, நாள் முழுக்க அதோடயே நடந்திருக்கேன். சாயங்காலம் வீட்டுக்காரிதான் சாக்ஸுல ரத்தத்தப் பாத்துட்டு அலறுனா. எனக்கு ஒண்ணுமே தெரியல. அவ்ளோ நல்லாருக்கேன்.

ஆமாம்மா, ஸ்கூல் வேன்தான். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஸ்டியரிங்க விட்டா எனக்கு வேற பொழப்பு தெரியாது. சின்னவ வேற இன்னும் படிச்சிட்டிருக்கா.

முன்னாடி இருந்த டாக்டரா? அத ஏன் கேக்குறீங்க. வருஷக்கணக்கா அவருகிட்டதான் காட்டுனேன், ஒரு தடவ நிமிந்து மூஞ்சியப் பாத்திருப்பாரா? கடைத்தெருவுல பாத்து வணக்கம் சொன்னா, யாருப்பா நீன்னு கேக்குறாரு. சுகர் எவ்ளோன்னு சொல்லியிருந்தா ஆளக் கண்டுபிடிச்சிருப்பாரு. சிரிக்காதீங்கம்மா, நெசமாத்தான் சொல்றேன். ஆனா திட்டுறதுல மட்டும் கொறையே வச்சதில்ல. வாயக் கட்டுறியா, இல்ல வண்டி ஓட்ட லாயக்கில்லன்னு எழுதிக் குடுத்துடவான்னுவாரு. அதுலேருந்து அவரு என்ன கேட்டாலும், நல்லாருக்கேங்கய்யான்னு சொல்லிட்டு வெளிய வந்துருவேன். எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கணும்?

நீங்க அப்படி இல்ல. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, இந்தக் கால எடுத்து மடியில வச்சுப் பாக்குறீங்க. பெத்த பொண்ணு செய்ய மாட்டாம்மா. வீட்ல யாரு சமைக்கிறா, நல்லாத் தூங்குறீங்களான்னு இதுவரைக்கும் எவன் கேட்டான்? அதான் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுறேன்.

இப்பவா? இப்ப எந்த வெரலத் தொடுறீங்க, பெருவெரலா? சரி, நீங்க தொடுறேன்னா தொடுறீங்கதான்.

ஓட்டுறதுல ஒரு செரமமும் இல்லம்மா. அதுக்கெல்லாம் ஒரு வழி பண்ணி வச்சிருக்கேன். பிரேக் போடறப்ப லேசாக் குனிஞ்சு, கால் அதுமேலதான் இருக்கான்னு பாத்துக்குவேன். கண்ண மூடித் தொறக்குற நேரந்தான். முந்தாநாள் மட்டும் பாத்தா, கால் ஆக்சிலேட்டர் மேல இருக்கு. எப்படியோ செவுத்துக்கிட்டப் போய் நின்னுடுச்சு. பசங்களுக்கு ஒரே கும்மாளம், இன்னொரு தடவ இன்னொரு தடவன்னு. முன்சீட்டுல உக்கார்ற வாண்டு மட்டும் அன்னிலேருந்து கடைசி சீட்டுக்குப் போயிருச்சு.

என்னம்மா எந்திரிச்சிட்டீங்க? புண்ணுக்குக் கட்டுப் போட்டாச்சுல்ல, நான் கெளம்பட்டுமா? அந்த ஜன்னலண்ட வாங்களேன், தெரியுதா மஞ்ச வண்டி? இன்னும் யாரையும் வீட்ல விடலம்மா, எல்லாம் உள்ளதான் உக்காந்திருக்குங்க.