மச்சானின் காசிக் கண்காட்சி

— பேப்பரை மடிச்சு வையுங்க. அந்தப் படத்தையே எத்தின தரம் பார்ப்பீங்க?

— படத்தையா பார்க்கிறன், அஜந்தா? உன்ட அண்ணன்ட கழுத்தைப் பார்க்கிறன். மூண்டு மாலை! நெல்லு மில் நடத்துற வினாயகமூர்த்திக்கு மூண்டு மாலை. முப்பது வருசம் வரலாறு படிப்பிச்ச இந்த உதயரூபனுக்கு, பிரதி அதிபரா ஓய்வு பெற்ற அண்டைக்கு ஒரு சுவர் மணிக்கூடு.

— அண்ணன் களுவாஞ்சிக்குடியில பழைய காலத்துக் காசிப் படங்களைக் கண்காட்சிக்கு வெச்சிரிக்கார். சனம் போய்ப் பார்க்குது. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?

— எரியுதா? இது ஆய்வாளன்ட கவலைகா! கங்கைப் படித்துறை, விசுவநாதர் கோயில் கோபுரம் எண்டு தொங்கவிட்டா காணுமா? கங்கை எந்தப் பக்கம் ஓடுது எண்டு அந்த மனிசனுக்குத் தெரியுமா? நான் காசியைப் பத்தி நாலு கட்டுரை எழுதியிரிக்கன்.

— காசிக்குப் போனீங்களா?

— போனவனெல்லாம் எழுதுவானா?

— இந்தா, நாளைக்கு நிறைவு விழா. அண்ணன் நேர வந்து தந்த அழைப்பிதழ், ரெண்டு நாளா உறை கூடப் பிரிக்காமக் கிடக்கு.

— பிரிச்சா போகணும். போனா கைதட்டணும். மண்டூர்த் துறையில நிக்கிற சனமெல்லாம் ‘சேர், மச்சான்ட காசி பார்த்தாச்சா?’ எண்டு கேக்குது. முந்தி என்ட கட்டுரையைக் கேட்ட சனம்!

— ஆர் கேட்டது?

— தபால்காரர் ஒருக்கா கேட்டவர்.

— சரி, மறுகா?

— மறுகா என்ன, இண்டைக்கு விடியவே வேலையை முடிச்சிட்டன். விழாக்குழுவுக்கு வாட்ஸ்அப்பில ஒரு கடிதம். ‘மேற்படி படங்கள் போலியானவை. கோபுரத்தின் உயரம் பிழை. படிகளின் எண்ணிக்கை பிழை.’

— பேப்பரில அண்ணனுக்குப் பின்னால பெருவிரல் அளவில தெரியிற படத்தைப் பார்த்துப் படி எண்ணினீங்களா?

— பூதக்கண்ணாடி என்னத்துக்கு இரிக்கி? இன்னும் கேளு. ‘இவற்றை வழங்கி மக்களை மடையராக்கிய ஏமாற்றுக்காரர் எவரோ, அவர் மேடையில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.’ நூற்றிப்பத்துப் பேர் இருக்கிற குழு. எல்லாரும் வாசிச்சிட்டாங்க. ஆனா ஒருத்தரும் வாய் திறக்கல்ல.

— ஐயோ! உடன அழிங்க அதை.

— ஏன் அழிக்க? உன்ட அண்ணன் கொஞ்சம் முழிக்கட்டும்.

— அவர் ஏன் முழிக்கிறார்? இஞ்ச பாருங்க. போன வருசம் வீட்டு நிலத்துக்கு மாபிள் பதிக்கக்குள்ள, உங்கட அப்பாட றங்குப்பெட்டியை என்ன செய்யச் சொன்னீங்க?

— கறையான் பிடிச்ச கடதாசி, திறக்காம எறி எண்டன். அதுக்கு இப்ப என்ன?

— எறிய மனம் வரல்ல. அண்ணனுக்கிட்டக் குடுத்தன்.

— குடுத்தா குடுத்தாய். வினாயகமூர்த்திக்குக் கறையானும் மாலை போடட்டும்.

— அந்தப் பெட்டிக்குள்ளதான் காசி இருந்திச்சு.

— என்ன?

— எட்டுப் படம். உங்கட அப்பா சேர்த்து வெச்சது.

— அஜந்தா... அந்த உறையை இஞ்ச தா.

— நானே வாசிக்கிறன். ‘படங்கள் உபயம்: ஓய்வுநிலைப் பிரதி அதிபர் உதயரூபன். அன்னார் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுவார்.’ உங்கட கடிதத்தை வாசிச்ச அந்த நூற்றிப்பத்துப் பேருக்கும் இதே அழைப்பிதழ் முந்தநாளே போயிட்டுது.