சேற்றில் முக்கிய வெள்ளைச் சட்டை

— சேத்துலயா முக்கினா? நான் குடுத்த வெள்ளைச் சட்டையையா?

— ஆமாங்க மஹ்மூத் முதலாளி. நம்ம வேலாயிப் புள்ளைதான், தண்ணிப் பீலிக்கரைச் சேத்துல முக்கிப் பெரட்டி, வெள்ளை தெரியாமப் பண்ணி, அப்புறந்தான் போட்டுக்கிட்டா. மத்தப் புள்ளைங்க தொடவே இல்ல. மடிச்சது மடிச்சபடி பள்ளிக்கூட அலுமாரியில கெடக்கு.

— நல்லா ஈக்கி ராஜலிங்கம் மாஸ்டர்! அவ்வளவும் என்ட பொஞ்சாதி ஹபீலா தன்ட கையால தச்சது. கேக்குதா, உள்ளுக்கு மெஷின் ஓடுற சத்தம்? விடிஞ்சா ஓடும், பொழுது பட்டாலும் ஓடும். அவ கைய இப்பிடியா அவமானப்படுத்துற?

— அய்யய்யோ, தையல்ல ஒரு குத்தமும் இல்லைங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, பொம்பளைங்க திரைக்குப் பின்னால இருக்கற கோசா வீட்டுல நான் நேராப் பேசக் கூடாது. குத்தம் துணியிலதான்.

— கம்பளை பஸார்ல என்ட கடைத்துணிக்குக் குத்தம் சென்ன மொத ஆள் நீங்கதான்.

— கோவிச்சுக்காமக் கேளுங்க. மலேரியாக் காய்ச்சல்ல லயத்து வீட்டுச் சனமெல்லாம் செத்துக்கிட்டுக் கெடந்தப்ப தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைத் துணி அனுப்புனீங்களே, சும்மா. ஓரத்துல நீலக் கரை போட்டது. வேலாயியோட அப்பனையும் ஆத்தாளையும் அதுலதான் சுத்தித் தூக்கிட்டுப் போனோம். அவ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. சட்டையிலயும் அதே நீலக் கரைங்க.

— அல்லாஹ்வே... அதே பீஸ்தான் மாஸ்டர். மிச்சத்துணி வீணாப் போகுதேண்டு செல்லித்தான்... ஆனா மையத்துக்குச் சுத்துற கபன்ல நாங்க தையல் போடறல்ல. தச்சா அது உசிரோட ஈக்கிற ஆளுக்குத்தானே உடுப்பு! எனக்கு வேற நெனப்பே வரல்ல.

— உங்க வழக்கம் அது. எங்க புள்ளைங்களுக்குத் தச்சதும் தைக்காததும் ஒண்ணுதான். நீங்க நல்ல மனசோட குடுத்தீங்க, அதை யாரு இல்லைன்னா?

— சரி, உடுங்க. வேற கலர்ல தாறன். பச்சை, மஞ்சள், எது வேணும்? செல்லுங்க.

— சட்டை வேணாங்க. நான் கேக்க வந்ததே வேற. அந்தப் புள்ளை அன்னிலேருந்து ஒரு வார்த்தை பேசல. கங்காணி சொல்றாரு, மாசம் முடிஞ்சா பள்ளிக்கூடத்துல பேரை வெட்டிட்டு மலைக்கு வேலைக்கு அனுப்புவாராம். கொழுந்து எடுக்க வாய் எதுக்குங்கறாரு.

— நம்மட பள்ளிவாசல் லெப்பைக்கிட்டக் கூட்டிட்டு வாங்க. தண்ணி ஓதித் தருவார், நூல் கட்டுவார்.

— அவர் ஓதி யாராச்சும் பேசியிருக்காங்களா?

— ...இல்ல.

— கண்டியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. மனசு ஒடிஞ்ச புள்ளைங்களப் பாக்கறதுக்குன்னே சீமையில படிச்சவங்க. வாரம் ஒரு நாள் தோட்டத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டாங்க. அவங்க வந்து போற செலவு, உக்கார ஒரு ரூமு, மத்த நாளு புள்ளைங்க பக்கத்துல இருக்க ஒரு பொம்பளை, இதெல்லாம் வேணுங்க. லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. அதுக்குத்தான் உங்க வாசலுக்கு வந்தேன்.

— மாஸ்டர், கெணறு வெட்டச் செல்லுங்க, வெட்டித் தாறன். கூரைக்குத் தகரம் கேளுங்க, தாறன். சனம் பாக்கும், பேர் நிக்கும். கண்ணுக்குத் தெரியாத சீக்குக்குக் காசு தா எண்டா என்ன செய்ற?

— பாக்க ஒண்ணும் இருக்காதுதான் முதலாளி. ரெண்டு பாயி, கொஞ்சம் களிமண்ணு, அவ்வளவுதான்.

— பேசாட்டி உடுங்க. சில ஆக்கள் அப்பிடித்தான். பேசு பேசுண்டு போட்டு நோண்டினா இன்னும் உள்ளுக்குப் போயிடுவாங்க.

— நீங்க அப்படி யாரையும் பாத்திருக்கீங்களா?

— தேத்தண்ணி ஆறுது, குடிங்க. காய்ச்சல் எங்கட வீட்டையும் உடல்லதானே. எங்கட மகள் ஸக்கியாவக் கொண்டுட்டுப் போயிட்டு.

— தெரியுங்க. மையத்து எடுக்கறப்ப நானும் வாசல்ல நின்னேன். தங்கமான புள்ளை. அதனாலதான் உங்களுக்குப் புரியும்னு வந்தேன். டாக்டரம்மா நோண்ட மாட்டாங்க. போன வாரம் ஒரு தடவை வந்தாங்க. வேலாயிகிட்ட ஒண்ணுமே கேக்கல. களிமண்ண அவ கையில குடுத்துட்டுப் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சுப் புள்ளை பொம்மை செஞ்சா. படுத்த மாதிரி ரெண்டு. அப்புறம் காலைக் கட்டிக்கிட்டு உக்காந்த மாதிரி சின்னதா ஒண்ணு. நான் வெளிய போயி அழுதுட்டேன் முதலாளி.

— கொஞ்சம் இரிங்க மாஸ்டர். மெஷின் நிண்டுட்டு.

— நூல் அறுந்திருக்கும்.

— இல்ல... அவ எழும்பி வாறா. கதவுத் திரைச்சீலை அசையுது.

— மாஸ்டர்... அந்தச் சின்னப் பொம்மை... தனியாவா இரிந்த?

— அம்மாங்களா கேக்கறது? ஆமாங்கம்மா. அதுக்குப் பக்கத்துல யாரையும் வைக்கல.

— பக்கத்தில இரிக்க ஆள் வேணுமெண்டீங்கதானே. நான் வாறன். அவருக்கிட்ட வண்டி கட்டச் செல்லுங்க.

— முதலாளி, என்னங்க, எழுந்து நின்னுட்டீங்க? அம்மா என் முன்னால பேசிட்டாங்கன்னு வருத்தப்படாதீங்க. நான் போயிடறேன், இந்தப் பேச்சை விட்டுடறேன்.

— போகாதீங்க மாஸ்டர், இரிங்க! ரூமும் நான் கட்டித் தாறன், டாக்டரம்மாவுக்குக் காரும் நான் புடிச்சித் தாறன். கோசாவும் வேணாம் ஒண்டும் வேணாம்... ஸக்கியாவ அடக்கின நாள்லேருந்து, இண்டைக்குத்தான் நான் இவட சத்தத்தக் கேக்கிறன்.