மரத்தைச் சுற்றும் வேகம்

பேசும் படம் வருவதற்கு முந்தைய ஆண்டுகள். தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை மாலை, மலாயாவில் லகாட்டிலிருந்து ஈப்போ போகும் ரயிலில், மடியில் ஆர்மோனியம் வைத்திருந்த ஒருவர் எதிரே இருந்தவரிடம் சொன்னார்:

"நேத்து அவ மரத்தைச் சுத்துன வேகத்துல எனக்கு மூச்சே நின்னுருச்சு, மச்சான்."

எதிரே இருந்தவர் ஈப்போ கொட்டகையில் பம்பாய்ப் படத்தைக் கையால் சுற்றி ஓட்டுகிறவர் என்பதும், இவர் திரையோரம் உட்கார்ந்து அதற்குப் பாடுகிறவர் என்பதும் பேச்சிலேயே தெரிந்தன.

"படத்துல அந்தப் பொண்ணு மாங்கா எறியுற கட்டம் வந்தா எனக்குக் கை நிக்காது லா."

"அந்தக் குறும்புக்குத்தான் சனமே வருது. ஆனா இன்னிக்கு அந்த வேகம் வேணாம். முதலாளி கிராமபோன் வாங்கிட்டாரு. நான் பிசகினா நாளையிலேருந்து அதுதான் பாடும்."

"அப்ப இன்னும் வேகமாச் சுத்துறேன்."

"என் சோத்துல மண்ணு போடவா?"

"கேளு மச்சான். முதல்ல கிராமபோனை வைக்கச் சொல்லு. அவ ஒளியுறப்ப மெதுவாச் சுத்துவேன், ஓடுறப்ப வேகமா. அதுக்குக் கண்ணா இருக்கு? அப்புறம் நீ பாடு, முதலாளிக்கே வித்தியாசம் தெரியும்."

பாட்டுக்காரர் ஆர்மோனியத்தைத் திறந்தார். மற்றவர் வெறுங்கையைக் காற்றில் சுழற்ற, இந்துஸ்தானி மெட்டு கூடவே ஓடியது. கை சட்டென்று நின்றது. பாட்டும் அங்கேயே நின்று, மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் மெல்லச் சிரித்தது.

"மாங்கா எறிஞ்சாளா, இல்லையா, அண்ணே?" என்றார் சன்னலோரத்து அம்மாள்.

"கொட்டகைக்கு வாங்க அக்கா. நான்தான் பாடுறேன்."