ரம்புத்தான் மரத்து மழை

இல்லண்ணே, எங்க அப்பா பொய் சொல்லல. ரெண்டு மாசமா மழைன்னு சொன்னாருன்னா அவருக்கு மழைதான். வெளிய வெயிலு கொளுத்துறது எனக்கும் தெரியுது லா. அத அப்புறம் சொல்றேன். ஆளு எங்க? ஒங்க கடையில கிளாஸ் கழுவுற எடத்துலயா? வேணாம், கூப்பிடாதீங்க. நான் இங்கயே ஒக்காந்துக்கிறேன். திடீர்னு என்னைப் பாத்தா யாரு நீம்பாரு, கூட வரமாட்டாரு.

சட்டைக் காலர்ல தச்சிருந்த நம்பரப் பாத்து போன் போட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணும். லகாட்லேருந்து இந்த சிம்பாங் பூலாய் வரைக்கும், எழுபத்தொம்போது வயசுல, நடந்தே வந்திருக்காரு. ஒத்தக் கால்லதான் சிலிப்பர் இருக்குன்னு சொன்னீங்க. பெரிய ரோட்டுல லாரி என்ன வேகமா வருது. அப்பாவுக்கு இராமசாமின்னு பேரு. நான் ஒத்தப் பொண்ணு. அம்மா போனப்புறம் வீட்ல நாங்க ரெண்டே பேருதான்.

கேட் பூட்டலையான்னு எல்லாரும் கேக்குறதுதான். பூட்டிப் பாத்தேன். ஏறிக் குதிச்சாரு, நெத்தியில ஆறு தையல். அதோட பூட்டுறத விட்டுட்டேன்.

சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்துல முப்பத்தெட்டு வருசம் பால் மரம் வெட்டுன மனுசன். இப்பவும் காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சு, பெரட்டுக்கு நேரமாச்சும்பாரு. பேரு கூப்பிடுறப்ப அங்க நிக்கலன்னா அன்னிக்கு வேலை போச்சுல்ல. அப்பா, அந்தத் தோட்டத்துல பால் மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டு செம்பனை போட்டு இருவது வருசமாச்சுன்னு சொன்னேன். சின்னப் புள்ளையாட்டம் அழுதாரு. மறுநாளு மறுபடியும் கெளம்பிட்டாரு. டாக்டரு, எதுத்துப் பேசாதீங்க, அவரு போக்குலயே போங்கன்னாரு. சொல்றவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க.

அப்பதான் ஒரு வேலை செஞ்சேன். மரம் ஈரமா இருந்தா பாலுக்கு வெட்ட மாட்டாங்க, தெரியும்ல? பாலு தண்ணியோட வழிஞ்சு வீணாப் போயிரும். எங்க வாசல்ல ஒரு ரம்புத்தான் மரம் நிக்குது, அவரு கண்ணுக்கு அதுவும் பால் மரந்தான். அவரு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நான் எழுந்து, பைப்பத் தொறந்து மரத்த நல்லா நனைச்சு வெச்சேன். வந்தாரு. உள்ளங்கையால தடவிப் பாத்தாரு. மரம் ஈரம், இன்னிக்கு வேலை இல்லன்னு திரும்பிப் போய்ப் படுத்துட்டாரு! எனக்குச் சிரிப்புத் தாங்கல. பக்கத்து வீட்டு மங்களம் அக்காகிட்ட போய்ப் பெருமை அடிச்சேன். கெட்டிக்காரி லா நீன்னாங்க.

ஒரு நாள் விடாம நனைச்சேண்ணே. இந்த ரெண்டு மாசமும்தான். அவரும் ஒழுங்கா போய்ப் படுத்துக்கிட்டாரு. சோறு மட்டும் கொறஞ்சு போச்சு. தட்டுல பாதிய ஒதுக்கி மூடி வெச்சிருவாரு. ஏம்பான்னு கேட்டா, இருக்கட்டும்பாரு. வயசாச்சு, பசிக்கலன்னு நெனச்சேன். இன்னிக்கும் மரத்தத் தடவிட்டு உள்ள போனாரு, நான் குளிக்கப் போனேன். வந்து பாத்தா ஆளக் காணோம்.

ஒங்ககிட்ட வந்து என்ன கேட்டாரு? போன்ல சரியா வெளங்கல. இன்னொரு தடவ சொல்லுங்க.

ம்.

மழையில தோட்டத்துல வேலையே இல்ல. வீட்ல சின்னப் பொண்ணு பட்டினி. எந்த வேலைன்னாலும் செய்றேன், கொஞ்சம் அரிசி குடுத்தாப் போதும்னாரா.

ஒரு நாளு மழைன்னா தோட்டத்துல ஓய்வுண்ணே. ரெண்டு மாசம் மழைன்னா எந்த லயத்து வீட்லயும் அடுப்பு எரியாது. நானும் லயத்துல பொறந்தவதான, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பாவி, மறதி அவருக்கு மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டு தெனமும் பைப்பப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்.

இல்லண்ணே, தே தண்ணி வேணாம். ஒரு ஒதவி மட்டும் செய்ங்க. அவரு கழுவி முடிக்கட்டும். முடிச்சதும் ஒரு பையில அரிசி போட்டு அவரு கையிலயே குடுங்க. வேலை முடிஞ்சிருச்சு, இந்தம்மா காடியில வீட்ல கொண்டு விடுவாங்கன்னு சொல்லுங்க. நீங்க மொதலாளி, ஒங்க சொல்லுக்கு வருவாரு. அரிசிய எங்கிட்ட குடுக்க மாட்டாரு, வழியெல்லாம் மடியிலயே வெச்சிருப்பாரு. வெச்சிருக்கட்டும்.

பொண்ணு பேரும் சொன்னாரா? ஆமாண்ணே, கலாதான். வர்ற மாசம் எனக்கு அம்பத்திரெண்டு முடியுது.