பாறைமேல் இருந்த துணி

திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு வந்த ஷேர் ஆட்டோவில், கிரீஸ் தீவில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தவர் தன் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்த பீச்சுல துணி இல்லாமலே குளிப்பாங்க மச்சான். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. சாயங்காலம் எல்லாரும் போனப்புறமும் பாறைமேல ஒரு சட்டை, பேன்ட்டு, செருப்பு.”

“யாருதாம்?”

“நம்மாளுங்க தீர்த்தத்துல முழுகிட்டு, கட்டுன துணிய வுட்டுட்டு வருவாங்களே, அப்படி நெனச்சிக்கினு யாருக்கும் சொல்லாம வந்துட்டேன். மறுநாள் போனா, அப்படியே இருக்குது. பேன்ட்டுக்குள்ள போன் அடிச்சிக்கினு இருந்துது.”

“எடுத்தியா?”

“எடுத்தேன். என்ன பாஷையோ, வயசான பொம்பள, அவன் அம்மாவா இருக்கும், அழுதுக்கினே ஏதோ கேட்டுது. நான் ‘உம்’னேன். உடனே சிரிச்சிது.”