சிக்கன ஆணையர்

– மூஞ்சியை ஆட்டாதீங்க, மூக்குல பவுடர் திட்டுத்திட்டா நிக்குது. டிவி விவாதம் ஆரம்பிக்கப் போகுது. கடன் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன், அவ்வளவுதான்.

– என்னைப் பேச விடு. காருக்கு ஒரு சின்னக் கடன்...

– பழைய காரே ஜம்முனு ஓடுதே! கடன்னாலே எனக்கு ஆகாது.

– அடிப்பாவி! போன வாரம் இதே டிவியில, "அரசாங்கம் கடன் வாங்கினா என்ன, ரோடு வரும், பள்ளிக்கூடம் வரும்"னு என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டவ நீதானே?

– அரசாங்கம் ரிட்டயர் ஆகாதுங்க. நீங்க ஆயிட்டீங்க. ஆமா, "செலவைச் சுருக்கு, ஆளைக் குறை, பேரப்பிள்ளைங்க தலையில கடனை ஏத்தாதே"ன்னு எனக்கு எதிரே உக்காந்து மேஜையைத் தட்டினாரே ஒரு வாத்தியாரு, அவரு எங்க போனாரு?

– என்னைப் பேச விடும்மா. தவணை கட்ட வழி இருக்கு. கதவைச் சாத்து.

– சாத்தியாச்சு. சொல்லித் தொலைங்க.

– ஒரு உத்தியோகம் வருது. அரசாங்க உத்தியோகம். மந்திரியே போன்ல கேட்டாரு.

– அடேயப்பா! யாரு காலி பண்ண இடம்?

– யாரும் காலி பண்ணல. எனக்குன்னே புதுசா உருவாக்கறாங்க. சிக்கன ஆணையர்.

– ஆளைக் குறைக்க இன்னொரு ஆளா?

– ஒரு ஆள் எப்படிப் பத்தும்? எனக்குக் கீழ பன்னெண்டு பேரு.

– சிரிக்க வைக்காதீங்க, கண்மை கரையுது. சம்பளம் எங்கேருந்து வரும்?

– ...கடன் வாங்கித்தான் குடுப்பாங்க. சிரிக்காதேடி! வீட்டுல சும்மா உக்காந்து உக்காந்து நொந்து போயிட்டேன். எனக்கு இந்த வேலை வேணும்.

– வேணும்னா போங்களேன். யாரு தடுத்தா?

– நான்தான் தடுக்கணும். இன்னைக்கு விவாதமே "சிக்கன ஆணையம் தேவையா?"தானே! ஜனங்க எந்தப் பக்கம் கை தட்டுறாங்கன்னு பார்த்துட்டுத்தான் மந்திரி முடிவெடுப்பாராம்.

– நீங்க வழக்கம்போல, புதுச் செலவே வேண்டாம்னு பேசணும்.

– பல்டி அடிச்சா ஊரே காறித் துப்புமே! நீதான் வேணும்னு பேசற கட்சி. விளாசு. இன்னைக்கு ஒரு நாள் என்னைத் தோக்கடிச்சிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.

– ஐயோ, எப்படிங்க? இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நீங்க டிவியில சொல்றதெல்லாம் சரின்னு எனக்குப் படுது!